கால்வாயை வெட்டியவர்களுக்கு ஒரு பலகை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பக்கிங்காம் கால்வாயைத் தூர்வாருவது பற்றித் தங்கள் நாளிதழில் அவ்வப்போது செய்தி வருகிறது. நல்ல விஷயம். ஆனால் 1877ஐப் பற்றி யாரும் பேசுவதில்லை.

மந்தைவெளி பறக்கும் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருக்கிறேன். கடைக்கு வரும் கல்லூரிப் பிள்ளைகள் இந்தக் கால்வாயைச் சாக்கடை என்றுதான் சொல்கிறார்கள். நாற்றம் அப்படி, அவர்களைக் குறை சொல்ல முடியாது.

கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் இந்த 8 கிலோமீட்டர் துண்டு, தாது வருஷப் பஞ்சத்தில், 1877-78ல், பசியில் வாடிய சனங்களைக் கொண்டு நிவாரண வேலையாக வெட்டியது. திண்டிவனம் பக்கத்து எங்கள் ஊரில், சோற்றை வீணாக்கினால் பாட்டி அந்த வருஷத்தைச் சொல்லித்தான் திட்டுவார்.

1876ல் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. சென்னை மாகாணம் பட்டினியில் கிடக்க, 1877 ஜனவரி 1 அன்று டில்லியில் வைஸ்ராய் லிட்டன் பிரபு தர்பார் கூட்டி, விக்டோரியாவை இந்தியாவின் பேரரசி என்று அறிவித்தார். அதே மாதம், நிவாரணச் செலவைக் குறைக்க ரிச்சர்ட் டெம்பிள் என்ற ஆங்கிலேய அதிகாரியை இங்கே அனுப்பினார்கள். வேலைக்கு வரும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு பவுண்டு தானியத்தின் விலையும் ஒரு அணாவும் போதும் என்றார் அவர். ஒரு பவுண்டு என்பது அரைக் கிலோகூட இல்லை. மண் வெட்டிச் சுமக்கிற உடம்புக்கு அது எப்படிப் போதும்? மாகாணத்தின் சுகாதார ஆணையர் கார்னிஷ் விடாமல் எதிர்த்து எழுதினார். அப்புறம்தான் சில மாதங்கள் கழித்துக் கூலியைக் கூட்டினார்கள். அதற்குள் போன உயிர் போனதுதான்.

இதையெல்லாம் விரிவாக எழுதிவைத்தவர் ‘மெட்ராஸ் டைம்ஸ்’ ஆசிரியர் வில்லியம் டிக்பி. பத்திரிகை ஆசிரியர் ஒருவர் செய்த வேலை என்பதால் தங்களிடம் உரிமையோடு கேட்கிறேன்.

கால்வாய்க்கு அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் பிரபுவின் பெயரை வைத்தார்கள். அந்தப் பெயர் இருக்கட்டும். திருமயிலை, மந்தைவெளி, கிரீன்வேஸ் சாலை நிலையங்களில், கால்வாயைப் பார்த்த பக்கமாக ஒரு தமிழ்ப் பலகை வைக்க நீர்வளத் துறையும் ரயில்வேயும் ஏற்பாடு செய்ய வேண்டும். தாங்கள் ஒரு தலையங்கம் எழுதினால் நடக்கும். பலகையில் ‘பஞ்ச நிவாரணப் பணி’ என்று மட்டும் போட்டு முடித்துவிடாமல், அந்த ஒரு பவுண்டு கூலியையும் எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தையல்காரர், மந்தைவெளி, சென்னை