வெனிசுவேலா பற்றி விவாதிக்கும் தோழர்களுக்கு

டெல்டாவின் இடதுசாரி எழுத்தாளர்கள், பேராசிரியர்கள், வாசிப்பு வட்டத் தோழர்கள் அனைவருக்கும் வணக்கம்.

திருத்துறைப்பூண்டிப் பக்கம் கோயில் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து சம்பா போடுகிறவன் நான். உங்கள் கூட்டங்களுக்கு வந்து கடைசி வரிசையில் உட்காருவேன். வெனிசுவேலா என்றாலே பேச்சு ஓரிடத்தில்தான் சுற்றுகிறது. 1998-இல் இடதுசாரித் தலைவர் சாவேஸ் ஓட்டு வாங்கி அங்கே ஜனாதிபதியாக வந்தது புரட்சியா, சீர்திருத்தமா? ஒருவர் 1973 சிலியை எடுப்பார்: அங்கே சோசலிச ஜனாதிபதி அயெந்தேயும் தேர்தலில் வென்றவர்தானே, ராணுவம் விட்டதா, கவிழ்த்துவிட்டதே? இன்னொருவர் 2002 ஏப்ரலை எடுப்பார்: சாவேஸைக் கவிழ்த்தவர்கள் இரண்டு நாள் தாண்டவில்லையே, ஜனம் தெருவில் இறங்கிவிட்டதே. இரண்டும் சரி. அதற்குள் டீ வந்துவிடும்.

எனக்கு வெனிசுவேலாவின் 2010 அக்டோபர் பற்றிப் பேச வேண்டும். விதை, உரம், பூச்சிமருந்து, கடன் எல்லாம் கொடுத்துவந்த அக்ரோயிஸ்லேனியா என்ற பெரிய தனியார் கம்பெனியை சாவேஸ் அரசு எடுத்து, அக்ரோபாட்ரியா என்று பெயர் வைத்தது. முதலாளி போனார். அப்புறம் விதையும் உரமும் நேரத்துக்குக் கிடைக்காமல் விவசாயி கள்ளச்சந்தையில் நின்றான். 2003-லிருந்தே உணவுப் பொருளுக்கு விலைக் கட்டுப்பாடு வேறு. எண்ணெய்க் காசு இருந்தவரை இறக்குமதியில் ஓடியது. 2014-இல் எண்ணெய் விலை விழுந்ததும் வண்டவாளம் தெரிந்தது. அமெரிக்கா கழுத்தை நெரித்தது உண்மை. ஆனால் 2017-இல் அது போட்ட நிதித் தடைக்கு முன்பே கடை வாசலில் வரிசை நின்றது. ஏகாதிபத்தியம் என்று ஒற்றை வார்த்தையில் முடித்துவிடாதீர்கள்.

இங்கே மேலுரம் போட வேண்டிய வாரத்தில் எங்கள் கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனால் "யூரியா ஸ்டாக் இல்லை". வெளிக்கடையில் இருக்கும், கூடவே வேண்டாத சத்து மருந்து டப்பா ஒன்றையும் தலையில் கட்டுவார்கள். சங்கத்தில் நான் உறுப்பினர். எத்தனை மூட்டை வந்தது, யாருக்குப் போனது என்று கேட்டால் செயலாளர் போனை எடுத்துக் காதில் வைத்துக்கொள்கிறார்.

சொத்து அரசு கைக்கு வந்தபின் கணக்கு யார் கையில்? புரட்சியா, சீர்திருத்தமா என்ற பாதை விவாதம் அங்கேதான் தொடங்க வேண்டும் என்பது என் வாதம். பண்ணையார்கள் கூலியாட்களுக்குக் கொடுத்த சவுக்கடியையும் சாணிப்பாலையும் ஒழித்த இயக்கம் நம்முடையது. ஓர் உரக் கணக்கைக் கேட்கவா அதற்குத் துப்பில்லை?

அடுத்த கூட்டத்தில் இதை முதலில் எடுங்கள். குத்தகைக்காரர்கள், நடவுக்குப் போகும் பெண்கள் நாலு பேரை மேடையில் உட்கார வையுங்கள். தேதியை மட்டும் அறுப்பு முடிந்து, கொள்முதல் நிலையத்தில் மூட்டை எடை போட்ட பிறகு வையுங்கள். முன்னால் வைத்தால் நீங்கள் மட்டும்தான் இருப்பீர்கள்.