அல்புமின் பார்க்கிறீர்கள், பாஸ்பரஸும் பாருங்கள்

மருத்துவமனைக் கண்காணிப்பாளர்களுக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவின் பொறுப்பு மருத்துவர்களுக்கும்,

வணக்கம்.

ரைல்ஸ் டியூப் (மூக்கு வழியே இரைப்பைக்குச் செல்லும் குழாய்) வழியே உணவு போகும் நோயாளிக்கு வாரம் ஒருமுறை ரத்தத்தில் அல்புமின் என்ற புரதத்தைப் பார்த்து, ஏறவில்லையென்றால் 'சத்து சேரவில்லை' என்று எழுதும் வழக்கத்தைக் கைவிடுங்கள். அல்புமினின் அரை ஆயுள் (பாதி அளவு அழிய ஆகும் காலம்) ஏறத்தாழ 20 நாள்; ஒரு வார உணவின் பலன் அதில் தெரியாது. தொற்றோ பெரிய அறுவையோ வந்துவிட்டால் கல்லீரல் அல்புமினைக் குறைத்துக்கொண்டு சி.ஆர்.பி. என்ற அழற்சிப் புரதத்தைச் செய்யத் திரும்பிவிடும். நாளங்கள் கசியும், ஏற்றிய சலைன் மிச்சத்தை நீர்க்கச் செய்யும். நீண்ட பட்டினியில் எலும்பும் தோலுமாகிப்போனவருக்கோ அல்புமின் சரியாகவே இருக்கக்கூடும். 2–3 நாள் அரை ஆயுள் கொண்ட ப்ரீஅல்புமின் என்ற இன்னொரு ரத்தப் புரதமும் நம்பத்தக்கதில்லை. சி.ஆர்.பி. இறங்கும்போது அது தானாக ஏறும்; கொடுத்த உணவால் ஏறியதாக நாம் நினைத்துக்கொள்வோம். எண் குறைவு என்ற ஒரே காரணத்துக்காக உறவினர்களை அல்புமின் பாட்டில் வாங்க அனுப்புவது வேதனையான விஷயம். அந்தப் பணத்தால் எண் ஏறும், தசை வளராது.

உணவு தொடங்கிய முதல் 5 நாளில் உயிரைப் பறிக்கக்கூடியது ரத்தத்தில் பாஸ்பரஸின் சரிவு. வழக்கமான எலக்ட்ரோலைட் (ரத்த உப்புகள்) சோதனையில் பாஸ்பரஸ் இருப்பதில்லை, மக்னீசியமும் இருப்பதில்லை. பல நாள் சாப்பிடாதவருக்கு மாவுச்சத்து உள்ளே போனதும் இன்சுலின் சுரந்து பாஸ்பேட் (ரத்தத்தில் பாஸ்பரஸ் இருக்கும் வடிவம்), பொட்டாசியம், மக்னீசியம் மூன்றையும் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளும். டெசிலிட்டருக்கு 3.0 மி.கி. இருந்த பாஸ்பரஸ் 2.0-க்கு வந்தால் அது 30 விழுக்காட்டுக்கு மேற்பட்ட சரிவு, கடுமையானது. மூச்சுக்கான முக்கியத் தசையான உதரவிதானம் சோர்ந்துபோவதால் வென்டிலேட்டரை எடுக்க முடியாது, இதயத்துடிப்பும் தடுமாறும். குளுக்கோஸை எரிக்கத் தயாமின் (வைட்டமின் பி1) வேண்டும் என்பதால் முதல் ஃபீடுக்கு முன்பே 100 மி.கி. போய்விட வேண்டும்.

ஆகவே இந்தச் சரிவுக்கான ஆபத்துள்ள 60 கிலோ நோயாளிக்கு முதல் நாள் கிலோவுக்கு 10 கலோரி, அதாவது 600 கலோரி போதும். மி.லி.க்கு ஒரு கலோரி தரும் ஃபீடானால் மணிக்கு 25 மி.லி. பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியத்தைத் தொடங்கும் முன் ஒருமுறையும், பிறகு 12 மணிக்கொருமுறை 3 நாளும் பாருங்கள். குறைந்தால் ஈடுசெய்துவிட்டு ஃபீடின் அளவைக் கூட்டுங்கள். வடிகட்டிய அரிசிக் கஞ்சியில் தொடங்குவது பாதுகாப்பு என்ற எண்ணம் தவறு: இன்சுலினைத் தூண்ட அதிலுள்ள மாவுச்சத்தே போதும், ஈடுகட்டும் பாஸ்பரஸோ அதில் மிகக் குறைவு.

ரத்தம் எடுப்பதிலும் கவனம் வேண்டும். டிரிப் ஓடும் கையில் எடுத்த மாதிரி நீர்த்திருக்கும். சிவப்பணு உடைந்த மாதிரியில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் பொய்யாக உயர்ந்து, சரிவை மறைத்துவிடும்.

முழு அளவுக்கு வந்தபின் 1500 மி.லி. ஃபீடில் தண்ணீர் 1250 மி.லி. அளவுதான். 4 மணிக்கொருமுறை 30 மி.லி. தண்ணீரால் டியூபைக் கழுவி (ஃப்ளஷ்) விட்டாலும் நாளுக்கு 180 மி.லி.தான் கூடும். மருந்தோடு சேராத தனித் தண்ணீரை ஆர்டரில் எழுதாவிட்டால் சோடியம் ஏறிக்கொண்டே போகும். யூரியாவும் ஏறும், பழி ஃபீடிலுள்ள புரதத்தின்மேல் விழும்.

சார்ட்டில் எழுதிய அளவையும் உண்மையில் உள்ளே போன அளவையும் தனித்தனிப் பத்தியில் குறிக்கச் சொல்லுங்கள். மணிக்கு 62 மி.லி. ஓடும் ஃபீடை ஸ்கேனுக்காக 4 மணி நேரம் நிறுத்தினால் ஏறத்தாழ 250 கலோரி குறைந்துவிடும். எந்த ரத்தப் பரிசோதனையும் அதைக் காட்டாது.

பாஸ்பரஸையும் மக்னீசியத்தையும் டியூப் ஃபீட் தொடங்கும் நாளின் சோதனைப் படிவத்தில் அச்சிட்டே சேர்க்கும்படி ஆணையிடுங்கள்.

இப்படிக்கு,
மருத்துவ உணவியல் பணியில் இருப்போர்