பாப்பாவுக்கு, நியூ ஆர்லியன்ஸ்லேர்ந்து அப்பா

பாப்பா,

நேத்து நீ போன்ல பேசினதுலேர்ந்து மனசு அங்கயேதான் இருக்கு. ஹெலீன் புயல் வந்து இவ்ளோ நாளாச்சு, நீ வேலை பாக்கற ரெஸ்டாரன்ட் எப்ப திறக்கும்னு ஓனருக்கே தெரியல, ஆஷ்வில்லயே இருக்கறதா வேற ஊர்ல வேலை தேடறதான்னு கேட்ட. எனக்கு போன்ல சரியா சொல்ல வரல, அதான் உக்காந்து எழுதறேன்.

கத்ரினா வந்தப்ப நீ ரொம்ப சின்னப் பொண்ணு, உனக்கு ஹூஸ்டன் மோட்டல் ஸ்விம்மிங் பூல்தான் ஞாபகம் இருக்கும். 2005 ஆகஸ்ட் 29 புயல் அடிச்சுது, ஆனா ஊர அழிச்சது காத்து இல்லம்மா, கால்வாய் கரைங்க உடைஞ்சதுதான், 80 சதவீத ஊரு தண்ணிக்குள்ள போச்சு. நாங்க திரும்பி வந்து பாத்தா தெரு பூரா ஃப்ரிட்ஜ், வீட்டுக்கு ஒண்ணு வாசல்ல நிக்குது, கதவ சுத்தி டேப் ஒட்டியிருக்கு, உள்ள இறாலும் கறியும் கரண்ட் இல்லாம வாரக்கணக்கா அழுகிக் கிடக்கு, தப்பித் தவறி திறந்துட்டா அந்தப் பக்கமே நிக்க முடியாது. உங்கம்மாவோட சமையல் நோட்டு, பாட்டி சொல்லச் சொல்ல எழுதினது, மை கரைஞ்சு பக்கமெல்லாம் வெறும் நீலம். அவ மட்டும் இல்ல, ஊர்ல எத்தனையோ பேர் ரெசிபிய தொலைச்சிட்டு டைம்ஸ்-பிக்காயூன் பேப்பருக்கு எழுதிக் கேட்டாங்க, யார்கிட்ட பழைய கட்டிங் இருந்துச்சோ அவங்க எடுத்து அனுப்ப, பேப்பர்ல திரும்பப் போட்டாங்க. வீட்டுக் கூரையே இல்லாதவங்க கம்போ, அதான் நம்ம ஊர் கெட்டிக் குழம்பு, அதோட ரெசிபி கேட்டு எழுதினாங்கன்னா அது இந்த ஊர்ல பெரிய விஷயம் பாப்பா.

ஊரோட பழைய பகுதி ஃப்ரெஞ்ச் குவார்ட்டர் ஆத்தங்கரை மேட்டுல இருக்கறதால அங்க பெருசா தண்ணி ஏறல. அங்க இருக்கற பேர் போன காபிக் கடை கஃபே டு மோண்ட் அக்டோபர்லயே திறந்தாச்சு, டிவியில அதக் காட்டினதும் ஊரு எழுந்துடுச்சுன்னு வெளியூர்க்காரங்க நினைச்சாங்க. உள்ள இருந்த எங்களுக்குத் தெரியும், பல கடைல அடுப்பு இருக்கு, மேஜை இருக்கு, சமைக்க ஆள் இல்ல. அங்க சமைச்சவங்க, தட்டு கழுவினவங்க பாதிப் பேர் வீடு லோயர் நைன்த் வார்டு, ஜென்டில்லி, நியூ ஆர்லியன்ஸ் ஈஸ்ட்னு முழுகின இடத்துலதான், அவங்க ஹூஸ்டன்லயும் அட்லாண்டாலயும் யாரோ சொந்தக்காரங்க வீட்டு சோஃபால படுத்திருந்தாங்க. ஒரு பெரிய பர்கர் செயின் ஒரு வருஷம் வேலை பாத்தா 6,000 டாலர் போனஸ்னு சொல்லிச்சு, ஆனா வந்தா எங்க தங்கறது? திறந்த கடைங்கள்லயும் பாதி மெனுதான், குழாய்த் தண்ணிய நம்ப முடியாது, பேப்பர் தட்டுல ப்ளாஸ்டிக் ஃபோர்க்ல சாப்பிட்டோம், ஒருத்தரும் குறை சொல்லல.

ட்ரெமேல டூக்கி சேஸ் ரெஸ்டாரன்ட் உனக்குத் தெரியுமே, மார்ட்டின் லூதர் கிங் சாப்பிட்ட இடம். அதுக்குள்ளயும் தண்ணி ஏறிடுச்சு. அங்க சமைச்சு நடத்தின லியா சேஸ் அம்மாவுக்கு அப்ப 82 வயசு. அந்த வயசுல வேற யாரா இருந்தாலும் மகன் வீட்டோட போய் உக்காந்திருப்பாங்க, இவங்க எதிர்லயே அரசாங்கம் குடுத்த ட்ரெய்லர் வீட்ல இருந்துக்கிட்டு கடைய சரி பண்ண வெச்சு 2007ல திறந்தாங்க. பெரிய வியாழன் அன்னிக்கு கீரைங்கள எல்லாம் போட்டு அவங்க வெச்ச கம்போவுக்கு ஊரே வந்துச்சு. அதே ட்ரெமேல வில்லி மே பாட்டி கடை, சிக்கன் வறுவலுக்குப் பேர் போனது, சமையலுக்குக் குடுக்கற பெரிய விருதான ஜேம்ஸ் பியர்ட் விருது வாங்கின சில மாசத்துல தண்ணி வந்துச்சு, எங்கெங்கயோ இருந்து சமையல்காரங்க வாலன்டியரா வந்து சுத்தியல் பிடிச்சுக் கட்டிக் குடுத்தாங்க. கேரல்டன் அவென்யூல ப்ரொகாட்டோ ஐஸ்க்ரீம் கடை 2005லதான் நூறு வருஷம் கொண்டாடிச்சு, அதுவும் முழுகி 2006 செப்டம்பர்ல திறந்துச்சு, உன்ன தோள்ல வெச்சுக்கிட்டு லெமன் ஐஸுக்கு க்யூல நின்னேன், முன்னாடி நின்னவர் திரும்பித் திரும்பி எல்லார்கிட்டயும் உங்க வீட்ல எவ்ளோ தண்ணி எவ்ளோ தண்ணின்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு.

டாம் ஃபிட்ஸ்மாரிஸ்னு ஒரு ஃபுட் ரைட்டர் திறந்த ரெஸ்டாரன்ட்டுங்கள எண்ணிக்கிட்டே வந்தாரு. புயலுக்கு முன்னாடி அவர் கணக்குல 809, ரெண்டு வருஷத்துக்குள்ள அதத் தாண்டிடுச்சு. எல்லாரும் கை தட்டினாங்க, எனக்கும் சந்தோஷம்தான். ஆனா சென்சஸ பாரு, 2000ல ஊர்ல 4,84,000 பேர், 2010ல 3,43,000. திரும்பி வராம போனதுல கறுப்பின மக்கள்தான் அதிகம், இந்த ஊர் சாப்பாட்டுக்கு ருசி குடுத்த கையெல்லாம் அவங்களோடது, அது எனக்கு இன்னிக்கும் ஆறல.

புதுசா வந்ததும் இருக்கு, இல்லேன்னு சொல்லல. கூரை போட வந்த மெக்சிகோ, ஹோண்டுராஸ் ஆளுங்களுக்காக டாக்கோ வண்டிங்க வந்துச்சு. ஈஸ்ட்ல வியட்நாம்காரங்க சீக்கிரமே திரும்பி வந்து வீட்ட கட்டிக்கிட்டாங்க, அவங்க டோங் ஃபுவோங் பேக்கரி 2008ல கிங் கேக் போட ஆரம்பிச்சுது, இப்ப மார்டி க்ரா திருவிழா சீசன்ல அதுக்குத்தான் விடிகாலைலயே க்யூ.

உன் ஊர்லயும் 2024 செப்டம்பர் 27க்கு அப்புறம் குழாய்ல குடிக்கற தண்ணி வர நவம்பர் 18 ஆச்சு, இலை நிறம் மாறறத பாக்க கூட்டம் வர அக்டோபர் வியாபாரம் மொத்தமும் போச்சு. உங்க ஓனர் பில்டிங் எப்ப ரெடியாகும்னு சொல்றத மட்டும் வெச்சு முடிவு பண்ணாத. உன்கூட கிச்சன்ல நின்னு சமைக்கறவங்க, டிஷ்வாஷர், பிரெப் பண்ற அக்கா, இவங்க இப்ப எங்க தங்கியிருக்காங்கன்னு போய் விசாரி. அவங்க பக்கத்துல எங்கயாச்சும் இருந்து, வாடகைக்கு வழி பண்ண ஓனர் ஏதாவது முயற்சி எடுக்கறார்னா, இன்னும் கொஞ்ச நாள் இரு, உன் வாடகைய நான் பாத்துக்கறேன். அவங்க எல்லாம் வேற ஊருக்குப் போய் சேந்துட்டாங்கன்னா நீயும் தைரியமா கிளம்பு, நான் ட்ரக் எடுத்துட்டு வந்து உன் சாமான ஏத்திக்கறேன்.

உங்கம்மா ரெட் பீன்ஸ் நாலு பாக்கெட் பார்சல் பண்ணியிருக்கா, ராத்திரியே ஊறப் போட்டு திங்கக்கிழமை செய், நிறையவே வரும், அந்த டிஷ்வாஷர் தம்பியையும் சாப்பிட வரச் சொல்லு.

அப்பா