ஞாயிறு ஊத்தங்கரை கூட்டம்: பேசப்போகிறவர்கள் படிக்கவும்

எல்லோருக்கும் வணக்கம். காலநிலை மாற்றம் பற்றி ஊர் மக்களிடம் பேச ஞாயிறு காலை 7 மணிக்கு டீக்கடை முன்னால் கூடுகிறோம். போன முறை பாலக்கோட்டில் நான் 'கார்பன் உமிழ்வு, 1.5 டிகிரி' என்று ஆரம்பித்ததும் முன்னால் நின்ற அக்கா தக்காளிக் கூடையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார். அவர் மேல் தப்பில்லை, பேச்சு அவர் வயலில் இருந்து தொடங்கியிருக்க வேண்டும்.

இந்த முறை 2024 டிசம்பரில் இருந்து தொடங்குங்கள். ஃபெஞ்சல் புயல் கரை கடந்து வலுவிழந்த பிறகும் ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. கொட்டியதும், நிறுத்தியிருந்த வேன்களை வெள்ளம் இழுத்துப் போனதும் அந்த ஊருக்கே தெரியும். அப்புறம் காரணத்துக்கு வாருங்கள்: காற்று 1 டிகிரி சூடானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் நீராவியைப் பிடித்து வைக்கும், அது மழையாக இறங்கும்போது மொத்தமாக இறங்கும். ஆனால் அந்த மழைக்குக் காலநிலை மாற்றம் மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்லாதீர்கள், இப்படிப்பட்ட கனமழைக்கு வாய்ப்பு கூடுகிறது என்பதுதான் சரி. இந்த வித்தியாசம் மக்களுக்கு நன்றாகவே புரியும்.

மாந்தோப்பு வைத்திருப்பவர்கள் பூ கொட்டுவதைப் பற்றிக் கேட்பார்கள். பதில் சொல்லும் முன் எந்த வாரம் பூத்தது, எப்போது கொட்டியது என்று கேட்டு நோட்டில் எழுதுங்கள். புரொஜெக்டர் வேண்டாம். வருகிறவர்கள் இன்று இரவுக்குள் இங்கே பெயர் போடுங்கள், போச்சம்பள்ளியில் இருந்து ஒரு வண்டி வருகிறது.