மருந்துக் கடைக்காரனுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள முருகேசா,

கடை எப்படி ஓடுகிறது, சர்க்கரை எவ்வளவில் நிற்கிறது என்றெல்லாம் கேட்டுவிட்டதாக வைத்துக்கொள். பேரனை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தோம். வீட்டுக்கு வந்துவிட்டான், பயப்படாதே. எனக்குத்தான் கோபம் அடங்கவில்லை. அதில் பாதி உன் மேல்.

மழை தொடங்கியதும் பெரியவள் யூகேஜியிலிருந்து மூக்கொழுகலோடு வந்தாள். அவளுக்கு அது வெறும் ஜலதோஷம். தம்பியைக் கொஞ்சித் தீர்த்தாள். நாலு மாதக் குழந்தைக்கு அதுவே மூச்சு இரைப்பாகிவிட்டது. பாலை இரண்டு வாய் உறிஞ்சுவான், விட்டுவிட்டு இரைப்பான். வீட்டில் நடந்ததை நீ பார்த்திருக்க வேண்டும். சம்பந்தியம்மா சாம்பிராணித் தூபக்காலோடு ஒரு பக்கம், உன் தங்கச்சி கற்பூரம் காய்ச்சிய எண்ணெயோடு மறுபக்கம். கல்யாணத்திலிருந்து எதிலும் ஒத்துப்போகாத இருவரும் அன்றைக்கு ஒத்துப்போனார்கள்: மூக்கில் இரண்டு சொட்டு எண்ணெய் விடலாமாம்! மருமகள் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆட்டோ ஏறிவிட்டாள். கெட்டிக்காரி. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அதுவே நிமோனியாவாகும், கற்பூரம் வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரும் என்று டாக்டரம்மா பிறகு சொன்னார். தூபக்கால் இப்போது பரணில் இருக்கிறது.

டாக்டரம்மா முதலில் ஸ்டெதஸ்கோப்பைத் தொடவே இல்லை. சட்டையை மேலே ஏற்றி, வாட்சைப் பார்த்தபடி ஒரு நிமிஷம் முழுக்க மூச்சை எண்ணினார். 64. இந்த வயதில் 50ஐத் தொட்டாலே வேகமூச்சாம். மூச்சை இழுக்கும்போது விலாவுக்குக் கீழே குழி விழுவதையும் காட்டினார். ஆக்ஸிஜனும் குறைந்திருந்தது. பிராங்கியோலைட்டிஸ் என்று பெயர் சொன்னார். பெரும்பாலும் ஆர்எஸ்வி என்ற வைரஸ்தான் காரணம். அது நுரையீரலின் கடைசிச் சின்னக் குழாய்களை வீங்க வைத்துச் சளியால் அடைக்கிறது. பெரியவர்களுக்குக் குழாய் அகலம், தும்மிவிட்டுப் போய்விடுவோம். கைக்குழந்தைக்கு அது நூல் மாதிரி. மூன்றாம் நாளிலிருந்து ஐந்தாம் நாள்வரைதான் மோசம், அப்புறம் இறங்கிவிடும், இருமல் மட்டும் இரண்டு மூன்று வாரம் இழுக்கும் என்றார். அப்படியேதான் நடந்தது.

கேள், இதுதான் விஷயம். ஆன்டிபயாட்டிக் கிடையாது, இருமல் மருந்து கிடையாது. நெபுலைசர்கூட இந்த நோய்க்குப் பெரிதாக உதவாதாம். ஆக்ஸிஜன் வைத்தார்கள். மூக்கில் உப்புநீர்ச் சொட்டு விட்டுச் சளியை உறிஞ்சி எடுத்தார்கள். வாயால் குடிக்க முடியாதவரை குழாய் வழியாகத் தாய்ப்பால். மகன் “மருந்தே தராத ஆஸ்பத்திரி என்ன ஆஸ்பத்திரி” என்று குதித்தான். பாக்டீரியாவால் வரும் நிமோனியா என்றால் ஆன்டிபயாட்டிக் தந்தே ஆக வேண்டும், இது வேறு என்று அந்த அம்மா சலிக்காமல் விளக்கினார். 2021 முதல் அரசிலேயே இலவசமாகப் போடும் நியூமோகாக்கல் ஊசி பயலுக்கு இரண்டு தவணை ஆகியிருக்கிறது. அது நிமோனியாவுக்கான காவல், இந்த வைரஸைத் தடுக்காது.

இனி உன் பங்கு. ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்துக் கட்டில்காரர்கள் ஆளுக்கொரு சிரப் பாட்டில் வைத்திருந்தார்கள். “எங்கே வாங்கினீங்க?” என்றால் எல்லோருக்கும் ஒரே பதில்: மெடிக்கலில் சொன்னோம், கொடுத்தார். உன் கடையில் நான் உட்கார்ந்திருந்தபோது நீயும் அப்படித்தான் கொடுத்தாய், “பச்சைப் பிள்ளைக்கு அரை மூடி போதும்” என்று. 2025இல் மத்தியப் பிரதேசம் சிந்த்வாராவில் இருமல் சிரப் குடித்து அத்தனை குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து செத்தார்களே, அந்தச் சிரப் நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரானது. அதில் டைஎதிலீன் கிளைகால் 48.6 சதவீதம். 0.1க்கு மேல் இருக்கக் கூடாத விஷம். எல்லா பாட்டிலும் அப்படி இல்லை என்பாய். சரி, நல்ல பாட்டிலே ஆகட்டும். குளோர்பெனிரமைன், ஃபினைலெஃப்ரின் என்ற இரண்டு சளி மருந்துகளும் கலந்த சிரப்பை நாலு வயதுக்குக் கீழ் தரக் கூடாது என்று 2023 டிசம்பரிலேயே உத்தரவு வந்தது. லேபிளைப் படிக்கிறாயா, இல்லை மாப்பிள்ளையைப் படிக்கச் சொல்லியிருக்கிறாயா?

“நான் தராவிட்டால் எதிர்க்கடையில் வாங்குவான்” என்று நீ சொல்லப்போவது எனக்குத் தெரியும். வாங்கட்டும். உன் கல்லாவுக்கு மேலே ஒரு அட்டை ஒட்டு. இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுவரை 50, ஐந்து வயதுவரை 40. நிமிஷத்துக்கு அந்த அளவோ அதற்கு மேலோ மூச்சு இருந்தாலும், நெஞ்சு உள்வாங்கினாலும், பால் குடிக்காவிட்டாலும், உதடு நீலம் பாரித்தாலும் நேராக ஆஸ்பத்திரி. இருமலுக்குத் தேன் கேட்டால், ஒரு வயது ஆகும்வரை அதுவும் வேண்டாம் என்று சொல். வெற்று மூக்கடைப்பென்றால் உப்புநீர்ச் சொட்டைக் கொடு. அதிலும் உனக்கு லாபம் உண்டு, தெரியும்.

அட்டையை நானே பெரிய எழுத்தில் எழுதி அனுப்புகிறேன். உன் கையெழுத்தை நம்பினால் 60 என்பது 66 ஆகிவிடும், பழைய கல்லூரி மெஸ் கணக்கு மாதிரி. பொங்கலுக்கு வரும்போது கடலை மிட்டாய் கொண்டு வா, பெரியவளுக்கு மட்டும். ஒட்டிய அட்டையைப் படம் எடுத்து அனுப்பிவிட்டுத்தான் வர வேண்டும்.

உன்,
சண்முகம்