எங்க அப்பாவோட வீடுகள பாத்துக்கிட்ட எல்லாருக்கும் நன்றி

எல்லாருக்கும் வணக்கம். குரோம்பேட்டை ராதா நகர், நெமிலிச்சேரி, அஸ்தினாபுரம், சிட்லபாக்கம் பக்கம் இருக்கறவங்க எங்க அப்பாவ கண்டிப்பா பாத்திருப்பீங்க, டிவிஎஸ் எக்ஸெல்ல முன்னாடி டூல்ஸ் பைய வச்சுக்கிட்டு சைடுல பைப்ப கட்டிக்கிட்டு போற பிளம்பர் அவரு. ஒரு அபார்ட்மெண்ட் மொட்டை மாடியில டேங்க்ல, தண்ணி நெறஞ்சா தானா மூடற ஃப்ளோட் வால்வ மாத்தும்போது ஏணி வழுக்கி விழுந்து தொடை எலும்பு உடைஞ்சிடுச்சு. இப்போ நல்லா நடக்கறாரு, வேலைக்கும் கெளம்பிட்டாரு. வீடு வீடா போய் நன்றி சொல்லணும்னு அம்மாவுக்கு ஆசை, ஆனா உதவி பண்ணவங்கள்ல பாதி பேரு யாருன்னே எங்களுக்குத் தெரியாது, அதான் நான் எல்லாருக்கும் பொதுவா எழுதறேன்.

முதல்ல அந்த அபார்ட்மெண்ட் வாட்ச்மேன் தாத்தா. எல்லாரும் ஓடி வந்து அப்பாவ தூக்கப் போனப்ப "யாரும் தொடாதீங்க, காலு அசையக் கூடாது"ன்னு கத்தி தடுத்துட்டு 108க்கு போன் போட்டது அவருதான். அப்படி பிடிச்சு தூக்கியிருந்தா உடைஞ்ச எலும்பு உள்ள இருக்கற ரத்தக்குழாய கிழிச்சிருக்கலாம்னு அப்புறம் டாக்டர் சொன்னாரு. ஆம்புலன்ஸ்ல வந்த அண்ணனுங்க அந்த குறுகலான படியில ஸ்ட்ரெச்சர சாய்ச்சு சாய்ச்சு, அப்பாவோட பேச்சு குடுத்துக்கிட்டே கீழ கொண்டு வந்தாங்க. தாத்தா, உங்களுக்கு அம்மா தினமும் சாமி கும்பிடும்போது ஒரு வேண்டுதல் வச்சிருக்காங்க.

சென்ட்ரல் எதிர்ல இருக்கற ஜிஹெச்ல ஆபரேஷன் பண்ணி ராடு வச்சாங்க. அங்க எலும்பு வார்டு நர்ஸ் அக்காங்க எல்லாருக்கும் நன்றி, அதுல நைட் டூட்டில ஒரு அக்கா அப்பாவுக்கு கால்ல வலி தாங்கலன்னா மாத்திரைய குடுத்துட்டு போயிடாம தலகாணிய முட்டிக்கு கீழ எப்படி வைக்கணும்னு அம்மாவுக்கு ரெண்டு மூணு தடவ செஞ்சு காட்டினாங்க. ரத்தம் குடுத்துட்டு பேரு கூட சொல்லாம போன காலேஜ் பசங்களுக்கும் நன்றி, நீங்க எந்த காலேஜ்னு கூட கேக்க விட்டுட்டோம்.

ஆனா நான் இந்த லெட்டர எழுத உக்காந்ததுக்கு காரணம் ஆஸ்பத்திரி இல்ல. ஒரு பிளம்பருக்கு கடையும் கிடையாது போர்டும் கிடையாது, அவரு நம்பர் எத்தன வீட்டுல இருக்கோ அதுதான் சொத்து. பைப் உடைஞ்சா யாரும் ஆறு மாசம் காத்துக்கிட்டு இருக்க முடியாது, வேற ஆள கூப்பிடுவாங்க, அந்த ஆளு நம்பர குடுத்துட்டு போவாரு, அதோட அந்த வீடு போச்சு. இதுல யாரு மேலயும் தப்பு சொல்ல முடியாது. அப்பா பெட்ல படுத்துக்கிட்டு கால் வலிய விட இத நெனச்சுதான் அதிகமா கவலப்பட்டாரு.

அஸ்தினாபுரத்துல இருக்கற இன்னொரு பிளம்பர் மாமா (பேரு போட வேணாம்னு சொல்லிட்டாரு) விஷயம் கேள்விப்பட்ட மறுநாளே வீட்டுக்கு வந்து "அப்பா நோட்டு ஒண்ணு வச்சிருப்பாரே, அத எடு பாப்பா"ன்னாரு. அது ஒரு நீள நோட்டு, ஒவ்வொரு பக்கத்துலயும் ஒரு வீடு, போர் லைன் எது, கார்ப்பரேஷன் தண்ணி லைன் எது, சுவத்துக்குள்ள எந்த பைப் எப்படி போகுது, கேட் வால்வு மாடிப்படிக்கு கீழயா பாத்ரூமுக்கு பின்னாடியான்னு பென்சில்ல வரைஞ்சிருப்பாரு. நோட்டுல இல்லாத வீடா இருந்தா மாமா அங்கேர்ந்து போன் போடுவாரு, அப்பா கண்ண மூடிக்கிட்டு "கிச்சன் சிங்க்குக்கு இடது பக்கம் ஒரு அடி தள்ளி தட்டிப் பாருங்க, பைப் பிரியற டீ ஜாயிண்ட் அங்கதான் இருக்கும்"னு சொல்லுவாரு. ஒரு தடவ கூட டைல்ஸ தப்பா உடைக்க வேண்டி வரல!

எந்த வீட்டுக்கு போனாலும் மாமா "இது அவரோட வீடு, அவருக்கு பதிலா வந்திருக்கேன்"னு சொல்லியிருக்காரு, மாமாவோட நம்பர கேட்டவங்களுக்கு அப்பா நம்பரையே குடுத்திருக்காரு. வாரக் கடைசியில லேபர் காசுல பாதிய அம்மா கையில குடுத்துட்டு போவாரு, வேணாம்னு சொன்னா கோவம் வரும் அவருக்கு. அவருக்கும் வீட்டுல ரெண்டு பசங்க படிக்கறாங்க. மாமா, நீங்க இத பெருசா எடுத்துக்கலன்னு தெரியும், ஆனா உங்களாலதான் தம்பி பதினொன்னாவத விடாம படிச்சுக்கிட்டு இருக்கான். அந்த நேரத்துல எங்க வீட்டுல நிச்சயமா வர்ற காசுன்னா அம்மாவுக்கு வர்ற உரிமைத் தொகை 1,000, எனக்கு காலேஜுக்கு புதுமைப் பெண் திட்டத்துல வர்ற 1,000, அவ்வளவுதான், வாடகை அதுக்கு மேல.

முடிச்சூர்லேர்ந்து பாக்க வந்த ஆன்ட்டிக்கும் நன்றி. 2015 டிசம்பர் வெள்ளத்துல, தாம்பரத்துல ஒரே நாள்ல 49 செ.மீ. மழ பேஞ்சப்ப, அவங்க வீட்டு சம்ப்புல, அதான் தரைக்கு கீழ பொதச்ச தண்ணி டேங்க்ல, சாக்கட தண்ணி கலந்துடுச்சு. தண்ணி வடிஞ்ச உடனே மொத்தத்தையும் எறைக்க ஆள் வச்சிருந்தாங்களாம், அப்பாதான் நிறுத்தி, "சுத்தி மண்ணெல்லாம் தண்ணியா இருக்கு, பொதச்ச பிளாஸ்டிக் டேங்க காலி பண்ணா அப்படியே மேல தூக்கிடும், கொஞ்சம் கொஞ்சமா எறைப்போம்"னு சொன்னாராம். எங்களுக்கு இது தெரியவே தெரியாது, அப்பா வீட்டுல வேலையப் பத்தி பேச மாட்டாரு. ஆன்ட்டி சொல்லும்போது தம்பி அப்பாவையே பாத்துக்கிட்டு இருந்தான்.

ஹார்டுவேர் கடை அண்ணாச்சி பாக்கி கேக்கல, மாமா எங்க வேலைக்கு எடுத்த எல்போ, யூனியன் மாதிரி பைப் ஜாயிண்ட், ஒட்டற சால்வென்ட் எல்லாத்தையும் அப்பா கணக்குலயே எழுதி குடுத்தாரு. அண்ணாச்சி, அப்பா தனியா எழுதி வச்சிருக்காரு, மாசா மாசம் கொஞ்சம் கொஞ்சமா தந்துடுவோம். கீழ் வீட்டு டீச்சர் ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே அப்பாவ இழுத்துட்டுப் போய் முதலமைச்சர் காப்பீட்டு அட்ட எடுக்க வச்சாங்க, கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்துலயும் பதிய வச்சாங்க. இது எதுக்குன்னு அப்ப அப்பா சலிச்சுக்கிட்டாரு. கொத்தனார், எலக்ட்ரீசியன், பெயிண்டர், பிளம்பர் வீட்டுப் பிள்ளைங்க யாராவது இத படிச்சா, வாரிய கார்டு இருக்கா, 5 வருஷத்துக்கு ஒரு தடவ ரினியூ பண்ணாங்களான்னு இன்னிக்கே கேளுங்க, அவங்களா போய் எடுக்க மாட்டாங்க.

கடைசியா, "உங்க அப்பா வரட்டும், அதுவரைக்கும் பக்கெட்டுல புடிச்சுக்கறோம்"னு ஒழுகற குழாயோடயே இருந்த வீட்டுக்காரங்க எல்லாருக்கும் என்ன சொல்றதுன்னு தெரியல. அப்பா இப்போதைக்கு ஏணி ஏறக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு, அதனால டேங்க் வேலைக்கு மாமாவோட பையன் கூட வருவான், அப்பா கீழ நின்னு பாத்துக்குவாரு. மழைக்கு முன்னாடி சம்ப் கழுவணும்னு சொல்லி வச்சவங்க போன் பண்ணுங்க, அதே நம்பர்தான்.