அட்டவணையை நம்பி ஆய்வா?

ஆசிரியருக்கு,

குற்றவியலில் முனைவர் பட்ட ஆய்வுக்கு வருபவர்களில் சட்டம், உளவியல், சமூகப்பணி படித்தவர்களும் உண்டு. ஆர்வத்துக்குக் குறைவில்லை. இடறுவது தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் குற்றப் புள்ளிவிவர அட்டவணைகளில்தான்.

ஒரே முதல் தகவல் அறிக்கையில் பல குற்றங்கள் இருந்தால், கடும் தண்டனைக்குரிய ஒன்று மட்டுமே கணக்கில் ஏறும். திருட வந்தவர் கொலையும் செய்தால், திருட்டு எண்ணிக்கையில் அது இராது. திருப்பூர் போல வெளியூர் ஆட்கள் வந்து குவியும் ஊரின் வழக்குகளை 2011 மக்கள்தொகையால் வகுத்தால், குற்ற விகிதம் வீங்கித்தான் தெரியும்.

2024 ஜூலை 1 முதல் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய நியாய சன்ஹிதா வந்தது இன்னொரு சிக்கல். செயின் பறிப்பு முன்பு திருட்டாகவோ வழிப்பறியாகவோ பதிவானது. இப்போது அதற்கு 304 என்று தனிப்பிரிவு. 2023, 2024 திருட்டு எண்ணிக்கைகளை ஒரே கோட்டில் வரைந்து ‘குறைந்துவிட்டது’ என்று முடிவு எழுதினால் ஆய்வேடு அங்கேயே சரிந்துவிடும். ஆய்வுக்குப் பதிவு செய்யும் நாளிலேயே வழிகாட்டிகளும் இதைச் சொல்வதில்லை!

காவல் துறை இணையத்தில் ஏற்றும் முதல் தகவல் அறிக்கைகளைக் கொண்டு ஒப்பிட்டுச் சரிபார்க்கலாம். ஆனால் பாலியல் குற்ற வழக்குகள் அங்கே ஏற்றப்படுவதில்லை. அந்தத் தலைப்பில் ஆய்வு செய்பவர்கள் நீதிமன்ற ஆவணங்களுக்கு முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும்.

– குற்றவியல் ஆசிரியர்கள், திருநெல்வேலி